மாவால் கீறிய பெனால்டிக் கோடு

1.

“முதல் கிண்ணம் ஆருக்கு? உங்கட வாயால சொல்லுங்கோ, அங்கிள்.”

இந்தக் கதை இந்த ஒரு வாக்கியமாகத்தான் என்னிடம் வந்தது. கேட்பவள் ஷெறோன், வீட்டின் முதல் பட்டதாரி, எங்கள் உதைபந்தாட்ட லீக்கின் முப்பதாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதுகிறவள். கேட்கப்படுபவர் லீக்கைத் தொடங்கிய பாலேந்திரா. புலம்பெயர்ந்து வந்த டூட்டிங்கில், தன் கடையில் முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டிருக்கிறார். “இதை மட்டும் அவரிட்டைக் கேட்டிடாதை” என்றுதான் தாய் றோஸ்மலர் அவளை வளர்த்தார்.

2.

மழை கொட்டிய அந்த ஞாயிற்றுக்கிழ— [வெட்டிவிட்டேன். காரணம் பிறகு.]

பாலேந்திராவை வில்லனாக்கத்தான் உட்கார்ந்தேன். ஏலவில்லை. பெற்றோல் ஷெட்டில் வேலை முடித்து நேரே பூங்காவுக்கு வந்து, சுண்ணாம்பு இல்லையென்று கோதுமை மாவால் கோடு கீறிய மனிதர். முதல் இறுதியாட்டத்தில், இடைவேளைக்குள் புறாக்கள் பெனால்டிப் பெட்டியைத் தின்றுவிட்டன.

ஆடியது அவருடைய ஊர் அணியான இத்திமுனை, நடுவரும் அவரே. எதிரணி அதே ஊரின் கரைப்பக்கத்தார். ஊர்ப்பெயரை அவர்களுக்குத் தரமாட்டோம் என்று இத்திமுனையார் சொன்னதால் ‘விருந்தினர்’ என்று ஆடினார்கள். (சாதி என்ற சொல்லை ஒருவரும் உச்சரிக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.)

விருந்தினர் ஒரு கோல் முன்னிலை. கடைசி நிமிடத்தில் அவர்களின் பந்துகாப்பாளர் ஞானரட்ணம், ஷெறோனின் தகப்பன், முன்னால் பாய்ந்து பந்தைப் பிடித்தார்.

“பெட்டிக்கு வெளியாலை பிடிச்சவன்!” இத்திமுனை கத்தியது.

கோடோ புறாவின் வயிற்றில். பாலேந்திரா முழங்காலில் நின்று, புல்லில் மிஞ்சிய மாவைத் தடவிப் பார்த்தார்.

“உள்ளுக்குத்தான்.”

சொந்த ஊர் தோற்றது. இந்த இடத்தில் நான் எழுந்து நின்று கைதட்டினேன்.

3.

அடுத்த லீக் கூட்டத்தில், கிண்ணம் விருந்தினருக்கென்றால் விலகுவோம் என்று பாதி அணிகள் சொல்லின. ‘இறுதியாட்டம் மழையால் கைவிடப்பட்டது’ என்று அறிவித்தவரும் பாலேந்திராவே. ஆட்டத்தன்று நல்ல வெயில்.

“லீக் உடைஞ்சிருக்கும், பிள்ளை,” என்றார் கடையில் பாலேந்திரா. “கொப்பரே ஒருநாளும் கேக்கேல்லை.”

“அப்பா புறாவுக்கும் நன்றி சொல்லுற ஆள். நான் அப்பிடியில்லை.”

“முப்பது வருசமாப் பெய்த மழை. மலரிலையும் பெய்யட்டுமே.”

4.

முடிவு ஒன்று: அவர் அழுகிறார். [மலிவு.]

முடிவு இரண்டு: ஞானரட்ணம் கடைக்குள் வர, இருவரும் கட்டிப்பி— இல்லை.

ஷெறோன் பையைத் தோளில் மாட்டினாள்.

“மலர் இண்டைக்குக் காலமையே அச்சுக்குப் போயிட்டுது, அங்கிள். வெயில் எண்டும் இருக்கு. நீங்கள் ‘உள்ளுக்கு’ எண்டு சொன்னதும் இருக்கு. அண்டைக்கு மாதிரி ஒருக்கா உங்கட வாயால கேக்கத்தான் வந்தனான்.”

பதிலுக்கு நிற்காமல் வெளியேறினாள். கதவு சாத்தும்போது அவர் வாய் திறந்தது.

நான் அவளோடு தெருவுக்கு வந்துவிட்டேன். பஸ் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கடைக்குள் இன்னும் நிற்பது நீங்கள்தான்.