கபரெத்தேவுக்குக் கார் வேண்டாம்

...கடலில் பலகைமேல் ஆளை இழுத்துப்போகிற பன்னிரண்டு மீட்டர் பட்டம் ஒன்று, ஒன்பது மீட்டர் பட்டம் ஒன்று, அவ்வளவுதான், பலகை வேண்டவே வேண்டாம், பலகையை அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், பலகை இல்லையென்றால் அந்தச் சவப்பெட்டி மாதிரி நீளப் பை இல்லை, பை இல்லையென்றால் விமானக்காரன் கூடுதல் கட்டணம் பிடுங்க முடியாது, விமான நிலையத்திலிருந்து பெரிய வண்டியும் தேவையில்லை... ஒரு பலகையை அடித்ததில் எத்தனை தொல்லை ஒழிகிறது பார், என்று போக்னா குறிப்பேட்டில் கோடு இழுத்தபோது ரயில் ரேடா நிலையத்தைத் தாண்டி வடக்கே திரும்பியிருந்தது. ஜூலை மாதச் சனிக்கிழமை, கால் வைக்க இடமில்லை, எதிரே ஒருத்தி மடியில் ஒரு குழந்தையையும் முழங்காலுக்கிடையில் சைக்கிள் சக்கரத்தையும் வைத்துக்கொண்டு தூங்குகிறாள், யாருக்கோ பின்னால் யாரோ பொரித்த மீனைப் பிரித்துவிட்டார்கள், காலை பத்து மணிக்கே. போக்னாவுக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. ஐம்பத்தொரு வயதில் அவள் முதல் முறையாக ஒரு கடலைத் தாண்டப் போகிறாள், அதுவும் தானே போட்ட திட்டத்தில். இருபத்தாறு வருடமாகப் பல் கட்டும் கூடத்தில் வேலை, அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒருவர் வாயை மூட முடியாது, அப்படிப்பட்டவளுக்கு ஒரு விடுமுறையைச் செதுக்கத் தெரியாதா என்ன?

கபரெத்தே. கடலுக்கு அப்பால் வெயில் தீவொன்றின் கரையோர ஊர், சொல்லிப் பார்த்தாலே வாயில் காற்று நிறைகிற பெயர். ஜனவரியில் போவது, மூன்று அரசர்கள் பண்டிகை முடிந்த மறு வாரம், அப்போதுதான் ஊரெல்லாம் திரும்பி வரும், போகிற விமானம் காலியாக இருக்கும், இங்கே வளைகுடா உறைந்து கிடக்கும், அங்கே மதியம் ஆனதும் காற்று எழும்பும், அடுப்பைப் பற்ற வைத்த மாதிரி, நேரம் தவறாமல். தங்குவது கடற்கரைமேல் அல்ல, சாலைக்கு இந்தப் பக்கம், மாடியில் சமையலறையோடு ஓர் அறை, யொகாஸ்டா என்கிற அம்மாளுடையது. சாலையைத் தாண்டினால் மணல், நூற்றெண்பது தப்படி, யொகாஸ்டாவே நடந்து பார்த்து எண்ணிச் சொன்னாள், பின்னணியில் சேவல் கூவ, மொழிபெயர்ப்பு இயந்திரம் தடுமாறத் தடுமாற அவள் அனுப்பிய குரல்செய்தியை போக்னா நாலு முறை கேட்டாள். "மகளே, காருக்குப் பார்க்கிங் கேக்காத, என்கிட்ட இல்ல. ரோட்டோரமா நின்னு கையக் காட்டு, குவாகுவா வரும், இடமில்லன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, யாராச்சும் மடில உக்கார வச்சிக்குவாங்க." குவாகுவா என்றால் அந்தச் சின்ன வேன், பத்துப் பேருக்கான இடத்தில் இருபது பேர், கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒருவன் ஊர்ப் பெயரைக் கத்துவானாம். பக்கத்து ஊர் சோசுவாவுக்குச் சந்தைக்கு அதில் போகலாம், அருவிக்கு மோட்டார் சைக்கிள்காரன் பின்னால் உட்கார்ந்து போகலாம், மற்றபடி எங்கே போக வேண்டும்? காலையில் காற்று இருக்காது, அப்போது நடை, காப்பி, அன்னாசி. மதியச் சாப்பாடு பட்டறைக்காரர்கள் சாப்பிடுகிற கடையில், சோறு, பயறு, கோழி, தட்டு நிறைய. பிறகு நாலு மணி நேரம் தண்ணீர். பிறகு தூக்கம். இதில் காருக்கு எங்கே இடம்?

ஆனால் எல்லோரும் அதையே கேட்கிறார்கள். கூடத்தில் டொரோட்டா, பட்டக் குழுவில் பாதிப் பேர், இணையத்தில் முகம் தெரியாத அத்தனை பேரும்... கார் இல்லாமலா, அந்தத் தீவிலா? மலிவு, என்று போக்னா சொல்கிறாள். கார் இல்லையென்றால் பாதிச் செலவு மிச்சம். இதைச் சொல்லும்போது அவள் குரல் மிக நன்றாக இருக்கிறது, பீங்கான் பல்லைத் தட்டினால் வருகிற ஓசை மாதிரி, கீறல் இல்லாமல். மலிவு என்று சொன்னால் யாரும் மேலே கேட்பதில்லை. வேறு என்ன சொல்வது? எல்பிளாங்குக்கு அப்பால், மூன்று வருடம் முன்பு, அக்டோபரில், பட்டப்பகல் நாலு மணிக்கு, அம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது காரை ஓட்டிய கணவன் லெஷெக் இரண்டு விநாடி கண்ணை மூடினான் என்றா? இரண்டு விநாடிதான், கார் மெதுவாக, ஏதோ அழைப்பு வந்த மாதிரி சாலையை விட்டு இறங்கி, வேலிக் கம்பத்தைச் சாய்த்து, கிழங்கு வயலுக்குள் நூறு மீட்டர் ஓடி நின்றது. கீறல்கூட இல்லை, இருவருக்கும். இலைகள் கண்ணாடியெல்லாம் ஒட்டியிருந்தன. அதைப் பார்த்து லெஷெக் சொன்னான், "வந்ததுதான் வந்தோம், ரெண்டு கிழங்கு பிடுங்கிட்டுப் போலாமா?" அவள் சிரித்துவிட்டாள். கண்ணீர் வரும்வரை சிரித்தாள். சிரித்தவள் பிறகு எப்படிப் பயந்தேன் என்று சொல்வது? அந்தச் சிரிப்புதான் தப்பு, அது கதவைச் சாத்திவிட்டது, அன்று முதல் அது அவர்களுடைய கிழங்குக் கதை, விருந்துகளில் லெஷெக் சொல்வான், எல்லோரும் சிரிப்பார்கள், அவளும்.

அன்று முதல் காரில் ஏறினால் அவள் பேசுவாள். நிறுத்தாமல். டொரோட்டாவின் விவாகரத்து, நகரசபை, எவனோ வைத்துக்கொண்ட தங்கப்பல், சாலைப் பலகைகளைக்கூட உரக்கப் படிப்பாள், பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் அவன் இமைகளைப் பார்ப்பாள், இமைத்தால் எண்ணுவாள், ஒன்று, திறந்துவிட்டான், சரி. என் பொண்டாட்டி இருக்கும்போது வண்டிக்கு ரேடியோ எதுக்கு, என்று அவன் நண்பர்களிடம் பெருமையடிப்பான். வீடு சேரும்போது அவள் தொண்டை கட்டியிருக்கும். பிறகுதான் ரயில் பிடித்தது. ஹெல் தீபகற்பத்தில் கோடையில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அது உண்மைதானே, பொய் ஒன்றுமில்லையே... ரயிலில் வந்து வந்துதான் பட்டக்காரர்களைப் பார்த்தாள், ஒரு நாள் இறங்கிப் போய்க் கேட்டாள், இந்த வயதில் கற்றுக்கொடுப்பீர்களா என்று. கற்றுக்கொடுக்கிற பையன் பதிலுக்கு அவள் எடையைத்தான் கேட்டான். மூன்று கோடை ஆயிற்று, இன்றைக்கு அவள் இடுப்பளவுத் தண்ணீரில் மட்டுமல்ல, ஆழத்திலும் போகிறாள், திரும்புகிறாள், விழுந்தால் எழுகிறாள். காற்று தூக்கும்போது பயமில்லை. அங்கே கயிறு அவள் கையில் இருக்கிறது.

புத்ஸ்க் தாண்டியதும் வலப்பக்கம் தண்ணீர் விரிந்தது, போன் அடித்தது, லெஷெக். அவன் நேற்றே நண்பன் ஸ்லாவெக்கின் வேனில், பட்டங்களோடு, ஹவூப்பி முகாமுக்குப் போய்விட்டான்.

"தளபதியம்மா எங்க இருக்கீங்க?"

"விளாடிஸ்லாவோவோ வரப்போகுது. காத்து எப்படி?"

"தென்மேற்கு. ஜம்முனு இருக்கு. ஏய், கேளு, ஒரு கார் பாத்து வச்சிருக்கேன். கபரெத்தேல. சின்னதுதான், ஆனா விலையக் கேட்டா நம்ப மாட்ட. உன் வேனு, மோட்டார் சைக்கிளு எல்லாத்தையும் கூட்டினா அதவிடக் கம்மி."

மூன்று மாதமாக அடுக்கிய அத்தனைக்கும் அடியில் ஒரே ஒரு செங்கல், மலிவு, அதை இவன் உருவிவிட்டான். பிறகு வாய் தானாகத் திறந்தது.

"முன்பணம் எவ்ளோ பிடிப்பான் தெரியுமா? அங்க ரோடெல்லாம் குழி. மோட்டார் சைக்கிள்காரன் எதிர்ல லைட் இல்லாம வருவான். டயர் வெடிச்சா எந்த மொழில சண்டை போடுவ? அப்புறம் உப்புக்காத்து, ஒரே ஒரு கீறல் விழுந்தா..."

"சரி, வேண்டாம்."

"என்ன?"

"வேண்டாம்னா வேண்டாம். விடு. எனக்கும் ஒண்ணும் அவ்ளோ ஆசையில்ல."

போனில் காற்று இரைந்தது. அல்லது அவன் மூச்சா... ஏதோ ஒன்றை இறக்கி வைத்தவனின் மூச்சு போல.

"நீதான கேட்ட?" என்றாள்.

"நீ எனக்காகத்தான் கார் வேண்டாம்ங்கிறியோன்னு நினைச்சேன். அதான் நானே கேட்டுப் பாத்தேன். சரி, ஸ்டேஷன்ல நிக்கிறேன்." வைத்துவிட்டான்.

எனக்காக. எனக்காக என்றால்? குழந்தை விழித்துக்கொண்டு அவளையே பார்த்தது. அவனுக்காக என்றால் அவன் செலவைப் பார்ப்பவன் என்பதாலா, அப்படித்தான் இருக்கும், கஞ்சன் என்று அவள் நூறு முறை சொல்லியிருக்கிறாள்... இல்லையென்றால்? கடந்த வருடம் அவன் வேலைக்குப் பேருந்தில் போக ஆரம்பித்தது, நிறுத்தம் வரை நடந்தால் இடுப்புக்கு நல்லது என்றான். நேற்றுத் தன் காரை விட்டுவிட்டு ஸ்லாவெக்கின் வேனில் போனது. குளிர்காலத்தில்கூட ஓட்டும்போது ஜன்னலை இரண்டு விரல் திறந்தே வைப்பான், எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறாள் காது வலிக்கிறதென்று, புகைப்பதை விட்டவனுக்கு எதற்கு ஜன்னல் என்று. எதற்கு? குளிர்காற்று முகத்தில் அடித்தால் கண் மூடாது என்றா? நெடுஞ்சாலையில் ஒவ்வொரு நாற்பது கிலோமீட்டருக்கும் காப்பி என்று நிறுத்துவான், அதையும் கேலி செய்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் நிலம் மெலிந்துகொண்டே வந்தது, இடப்பக்கம் பைன் மரங்கள், வலப்பக்கம் வளைகுடா, அதற்குமேல் நிறம்நிறமாக நூறு பட்டங்கள்.

ஹவூப்பியில் அவன் நடைமேடையில் நின்றான், ஈரத் தலை, நனைந்த உடுப்பு இடுப்பு வரை உரிந்து தொங்க, வெறும் காலோடு. அவள் பையை வாங்கிக்கொண்டான். முகாமைப் பார்த்து நடந்தார்கள்.

"ஸ்லாவெக் இங்கயே ஒரு வாரம் தங்குறானாம். வேனை நம்மளே எடுத்துட்டுப் போகச் சொன்னான், சாவியக்கூட நீட்டினான்," என்றான், அவளைப் பார்க்காமல்.

"நீ என்ன சொன்ன?"

"ரயில் டிக்கெட் எடுத்தாச்சுன்னேன்."

எடுக்கவில்லை. அது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். இப்போது கேட்கலாம். ஒரே ஒரு கேள்வி, உனக்கும் பயமா லெஷெக், மூன்று சொல்லில் முடிந்துவிடும். பயம் தன்னுடையது மட்டும் என்று எண்ணி மூன்று வருடம் அதைத் தனியே கட்டிக் காத்தாளே, தொண்டை வற்ற வற்ற, பக்கத்தில் ஒருவன் அதையே ஸ்டியரிங்கில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானா? அவள் அவன் இமைகளைத்தான் பார்த்தாள். கைகளைப் பார்த்தாளா? திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, "ஒன்பது மீட்டர் பட்டமே போதும் இன்னிக்கு," என்றான். "போதும்," என்றாள் அவள், இன்னும் எதையோ சொல்ல வாயெடுத்து, அவன் நடையை மெதுவாக்கிக் காத்திருப்பதைக் கண்டாள்.