புல்லா பாசியா

கடல் உள்வாங்கியிருந்த காலையில், முழங்கால் ஆழத் தண்ணீரில் மண்டியிட்டு, குழாயில் செய்த சதுரச் சட்டத்துக்குள் அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே, அதே சட்டத்தைப் பார்த்தபடி சோடாபுட்டி. கண்ணாடி தடிமனாக இருந்ததால் ஆய்வு நிலையத்தில் அவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் அது.

சட்டத்துக்குள் நூற்றுக்கு எவ்வளவு இடத்தைக் கடற்புல் மூடியிருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துச் சொல்வதுதான் வேலை. ஒருத்தி கண் ஏமாந்துவிடக் கூடாதே என்று, கடைசியாகச் சட்டம் போடும் இடத்தை மட்டும் இருவரும் பார்த்து ஒரே நேரத்தில் சொல்வார்கள்.

"ரெடியா? ஒண்ணு, ரெண்டு..."

"அறுபது!" என்றாள் அவள்.

"முப்பது!"

"முதல்ல கண்ணாடியத் தொடைடி," என்றாள் இவள்.

"தொடச்சிட்டுத்தான் வந்தேன். நீ கனவுல இருந்து எந்திரிச்சு வா," என்றாள் சோடாபுட்டி.

படகுகளின் நங்கூரங்கள் கடற்புல்லை வேரோடு பிய்த்துப் போட்ட குடா இது. புல் பாதிக்கு மேல் வந்துவிட்டால், தேறிவிட்டது என்று முடிவுகட்டிப் படகுகளை மறுபடி உள்ளே விடுவார்கள். அவள் வேலையும் அத்தோடு முடியும். கல்யாணமான கையோடு விமானம் ஏறியவள் அவள். முந்தின நாள்தான் புருஷனிடம், "பாதிக்கு மேல வந்துடுச்சுங்க, கெளம்பிடுவேன்" என்று போனில் துள்ளினாள். அவன் அப்போதே விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டான். பின்னாலிருந்து மாமியார் குரல் கேட்டது: "பொண்டாட்டி வர்றாள்னதும் தொரைக்கு வீடு பெருக்கத் தெரிஞ்சிடுச்சு பாரு!"

இப்போது அவள் தண்ணீருக்குள் கையை விட்டு லேசாக வருடினாள். பச்சை வழுவழுவென்று கையோடு வந்துவிட்டது. அடியில் வெறும் மணல். நடுவே அங்கங்கே மெலிந்த புல்.

வருடிவிட்டுத்தான் மதிப்பிட வேண்டும் என்பது வேலையில் சேர்ந்ததும் சொல்லிக்கொடுத்த பாடம். புல் வேரோடு நிற்கும், பாசி கையோடு வரும். கழிவுநீர் கலந்தால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். இந்தச் சுற்றில் தனியாகச் சட்டம் போட்டுப் பார்த்த இடங்களில் ஒன்றைக்கூட அவள் வருடவில்லை. பச்சையைக் கண்டதும் மனசு வீட்டுக்குப் பறந்துவிட்டிருந்தது.

சோடாபுட்டி குரலைத் தாழ்த்தினாள். "இந்த ஒண்ண மட்டும் திருத்திக்கலாம். மத்தத அப்படியே விட்ரு. யாருக்குத் தெரியப்போகுது? போய் அவர் மூஞ்சியப் பாருடி."

'சரி' என்ற சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. சட்டத்துக்குள் நகத்தளவு மீன் ஒன்று, இருந்த ஒற்றைப் புல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. நங்கூரம் ஒன்று விழுந்தால் போதும், அதுவும் போய்விடும்.

அவள் சட்டத்தைத் தூக்கித் தோளில் மாட்டினாள். "தண்ணி ஏறுறதுக்குள்ள மொதல்ல இருந்து பாத்துடலாம், வா."

"பைத்தியம்," என்று முணுமுணுத்துக்கொண்டே சோடாபுட்டி பின்னால் வந்தாள்.

எல்லாம் முடிந்து, ஈரத் துணியோடு படகுத்துறையில் உட்கார்ந்து புருஷனை வீடியோவில் அழைத்தாள்.

"ஏங்க, தப்பாப் பாத்துட்டேன். அது புல்லு இல்ல, பாசி."

"அப்படின்னா?"

"இப்போதைக்கு வர முடியாதுங்க. புல்லு வர்ற வரைக்கும் யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்."

 

"எங்க இருக்கே இப்ப?"

"படகுத்துறையில."

"கேமராவத் திருப்பு. என் பொண்டாட்டியப் பிடிச்சு வெச்சிருக்கிற புல்ல நானும் பாக்கறேன்."

திருப்பினாள். கடல் ஏறியிருந்தது.

"வெறும் தண்ணியாத்தான் தெரியுது."

"அடியில இருக்குங்க. கொஞ்சமா இருக்கு."

"சரி," என்றான் அவன். போனை வைக்காமல், அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.