சுடாத சிலிண்டர்

லெஸ்லியின் பட்டறை, வீட்டின் பின்புறம் முன்பு நிலக்கரி கொட்டிவைத்த அறை. மேசைமேல், சிறு நீராவி ரயில் எஞ்சினுக்காக அவர் செய்த செப்புப் பாய்லர் கிடந்தது. ஆர்னால்ட் அதில் தண்ணீரை முட்ட நிரப்பிவிட்டுக் கைப்பம்பை மெல்ல அழுத்தினார். சிறு மாதிரி எஞ்சின்கள் செய்வோரின் கீத்லி ஊர்ச் சங்கத்தில் பாய்லர் சோதிப்பது அவர் பொறுப்பு. நீராவியில் தாங்கவேண்டிய அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கைக் குளிர்ந்த தண்ணீரில் தாங்கிக் காட்டிய பிறகே நெருப்பு மூட்டலாம்.

"ரெண்டு மடங்கா? என்னை அப்படி அழுத்தியிருந்தா எப்பவோ போயிருப்பேன், மச்சான்."

இப்படிச் சொன்ன லெஸ்லி, ஆர்னால்டின் தங்கை டோரீனின் கணவர். நுரையீரல் முழுக்கப் புற்று. தான் செய்த எஞ்சின் நீராவியில் ஓடுவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

அழுத்தமானியின் முள் ஏறி நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. நெருப்பறையின் கீழ்மூலையில் ஒரு துளி திரண்டது. லெஸ்லி அதைக் கட்டைவிரலால் சட்டென்று துடைத்தார்.

"பாத்துட்டேன், லெஸ்."

"வேர்க்குது, அவ்வளவுதான். எனக்குந்தான் வேர்க்குது."

துளி மறுபடி திரண்டது. அந்த மூலையைப் பற்றவைக்கும்போது மூச்சு முட்டி, வெள்ளிப் பற்றாசு உருகி இணைப்பு முழுக்க ஓடுமுன்பே சுடரை விலக்கிவிட்டதாக லெஸ்லி ஒப்புக்கொண்டார். மறுபடி பற்றவைக்க முழுப் பாய்லரையும் சிவக்கச் சூடேற்ற வேண்டும். அப்போது மற்ற இணைப்புகள் விட்டுப்போகலாம். புதிதாக ஒன்று செய்யக் குளிர்காலம் முழுக்க ஆகும்.

"ஈயத்தை வச்சு அடைச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தச் சூட்டுல ஈயம் இளகிடும். பிச்சுக்கிட்டா கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும்."

"என் மூஞ்சிதானே? இதை வச்சு இனி யாரைக் கவரப்போறேன்?"

"டோரீனும் பக்கத்துல நிப்பா, லெஸ்."

லெஸ்லி எண்ணெய்த் துணியை எடுத்துப் பாய்லரை மூடினார்.

மறு ஞாயிற்றுக்கிழமை ஆர்னால்ட் தன் காற்றுக் கம்ப்ரசரைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். புது எஞ்சினை முதலில் பாய்லர் இல்லாமல் அழுத்திய காற்றில் ஓட்டிப் பார்ப்பது சங்கத்தில் எல்லோரும் செய்வதுதான். எஞ்சினை மரக்கட்டைகள்மேல் தூக்கிவைத்து, குழாயைச் சிலிண்டரில் பொருத்தித் திறந்தார். சக்கரங்கள் திணறின, பிறகு சீராகச் சுழன்றன. எங்கும் தட்டல் இல்லை, உரசல் இல்லை.

"அருமையா ஓடுது," என்றார் ஆர்னால்ட். அது உண்மை.

லெஸ்லி நாற்காலியை இழுத்து அருகில் உட்கார்ந்தார். நிலக்கரி வாசனை இல்லை, சூடான எண்ணெய் வாசனையும் இல்லை. கம்ப்ரசர் மட்டும் இரைந்தது. கையை நீட்டிச் சிலிண்டர்மேல் வைத்தார். நீராவியாக இருந்தால் தொட்ட உடனே கையை உதறியிருப்பார்.

கை அங்கேயே இருந்தது.

டோரீன் தேநீரோடு வாசலில் வந்து நின்றாள். "ஓடுதா?"

"ஓடுது," என்றார் லெஸ்லி, அவளைத் திரும்பிப் பார்க்காமல். பிறகு ஆர்னால்டிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"சில்லுன்னு இருக்கு, மச்சான். காத்தை மூடிடு."