மேசைக் குரல்

பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். எனக்கென்று ஒரு மேசைக் குரல் உண்டு. தேன் ஒழுகும். பல் பிடுங்கப் பயந்து ஒளிகிறவர்கள்கூட அதைக் கேட்டால் வந்து வாயைத் திறந்துவிடுவார்கள்.

ஏழு மாதமாக எனக்கு எதுவும் ஓடவில்லை. தலை சீவ அரை மணி நேரம் ஆகிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாளி நிரம்பி வழிவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாடு தொண்டையில் இறங்குவதில்லை. குரல் மட்டும் கெடவே இல்லை. அதுதான் வினை.

மனநல ஆலோசகரைத் தேடி முதலில் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாவது இடத்தில் எடுத்த பெண், "ரொம்ப முடியலையா?" என்று கேட்டாள்.

"அவசரம் ஒண்ணுமில்லீங்க, உங்களுக்கு எப்ப வசதியோ அப்பக் குடுங்க" என்றது என் வாய்.

நான்கு மாதம் தள்ளி ஒரு தேதி கொடுத்தாள். அதற்கு நன்றி வேறு சொன்னேன். வைத்த பிறகு என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. நான்கு மாதம் தாங்குவேனா என்று எனக்கே தெரியவில்லை.

மூன்றாவது இடத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. "வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒருத்தர் வரலைன்னுட்டாங்க. உங்களுக்குப் போடுறேன். புதன்கிழமை கூப்பிடுவோம், பன்னெண்டுக்குள்ள வர்றேன்னு சொல்லலைன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துருவோம். போன் நம்பர் சொல்லுங்க."

நானும் தினமும் இதே விதியைச் சொல்லி ஆட்களைக் கழற்றிவிடுகிறவள்தான். எண்ணை ஒப்பித்தேன்.

புதன்கிழமை பன்னிரண்டு தாண்டியது. என் செல்போன் மூச்சே விடவில்லை. விட்டது தொல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்புறம்தான் உறைத்தது. நான் ஒப்பித்தது என் எண் இல்லை. நாளொன்றுக்கு நாற்பது முறை சொல்கிற மேசை எண். காலையில் நான் பின்னால் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது மேசையில் மணி அடித்தது. எடுத்தது டாக்டர்.

டாக்டருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சிடுமூஞ்சி. மனிதர்களிடம் பல்லைத் தவிர வேறெதையும் பார்க்காதவர். பதறிப்போய்ப் பதிவேட்டைத் திறந்தேன். மறுநாள் பக்கத்தில் மூன்றரையிலிருந்து ஆறு வரை ஒரு கோடு. கோட்டுக்கு மேல் கோழி கிளறிய எழுத்தில், "மேசையில் ஆள் இல்லை."

உள்ளே போனேன். அவர் யாரோ ஒருவரின் கடைவாய்க்குள் குனிந்திருந்தார்.

"டாக்டர், நாளைக்கு அந்த நேரத்துல மூணு பேர் இருக்காங்க."

"நான் பாத்துக்குறேன்."

"உங்களுக்குப் போன்ல பேச வராது."

"வராதுதான்." நிமிரவில்லை. "நீங்க வர்றீங்கன்னு சொல்லிட்டேன். மூணு மாசமா உங்க சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்குப் போகுது. போயிட்டு வாங்க."

வாய் பிளந்திருந்த நோயாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வியாழக்கிழமை போனேன். ஆலோசகர் என் வயதுக்காரி. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், மூடி வைத்த நோட்டு.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேங்க, நீங்க?" தேன் ஒழுகியது.

அவர் நோட்டைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். மேசையில் யாரும் இவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை.

"வீட்டுல, வேலை செய்யிற எடத்துல, யாருக்காவது தெரியுமா?" என்று பிறகு கேட்டார்.

"யார்கிட்டயும் சொல்லலீங்க" என்று ஆரம்பித்தேன். "ஆனா எங்க டாக்டர் என் சாப்பாட்டு டப்பாவப் பாத்திருக்கார்."

அதற்கு மேல் குரல் உடைந்துவிட்டது. அழுதேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கரகரவென்று, டப்பாவிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு மணி வரை மேசைக்குப் போக வேண்டியதில்லை.