அந்த ஊரில் யாருக்கும் காய்ச்சல் வராது

ரோஜா மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் வாஜித் மாமா கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இறந்தவர் உடலுக்கு, மையத்துக்கு, மாலை போடும் வழக்கமில்லை என்று அதைக் கொண்டுவந்தவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் ஃபைஸ் படித்த பள்ளியின் துணை முதல்வர், தட்சிணாமூர்த்தி.

உள்ளறையில் பெண்களோடு உட்கார்ந்திருந்த ஹஃபீசாவுக்கு ஜன்னல் வழியே வாசல் பந்தல் தெரிந்தது. தம்பி ஃபைஸைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றிக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு எடுத்துப் போக வேண்டும். பதினேழு வயது. டெங்கு என்றார்கள். சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டாம் நாள் விடியற்காலையில் போய்விட்டான்.

"ரொம்ப நல்ல பையன் சார்," தட்சிணாமூர்த்தி ஃபைஸைப் பெற்ற அத்தாவின் தோளைத் தொட்டார். "போன மாசம் அவுட்டிங் விட்டப்ப அவங்க அக்கா சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. தியேட்டர்ல கொசு எப்படின்னு உங்களுக்கே தெரியும். அதுவும் என்ன படம்! பசங்க எல்லாம் ரூல்ஸ எதுத்துக்கிட்டு ஓடுற படம். அத பாத்ததுலருந்து ஹாஸ்டல்ல யார் சொன்னாலும் கேக்கறதில்ல. மாத்திர குடுத்தா கூட ஒழுங்கா போடலையாம்."

அத்தா தலையாட்டினார். "சரிங்க சார்." அந்தப் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் அவர் கைகட்டி நின்றுதான் பேசுவார். இப்போதும் கை தானாகக் கட்டிக்கொண்டது. வாஜித் மாமா ஜன்னல் பக்கம் திரும்பி ஹஃபீசாவைப் பார்த்தார். கூட இருந்தவர்களும் பார்த்தார்கள்.

தம்பியோடு அந்தப் படத்துக்குப் போன நாளை அவள் நினைத்தாள்.

அது தமிழில் டப் செய்த ஓர் ஆங்கிலப் படம். என்றோ வரப்போகும் ஒரு நகரம். பதினைந்து வயதில் ஒரு பரீட்சை. எடுக்கும் மார்க்குக்கு ஏற்ப மணிக்கட்டில் ஒரு நிறம் குத்துவார்கள். எந்த மாடியில் தூங்கலாம், என்ன சாப்பிடலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த நிறம்தான். கடைசியில் ஒரு பெண் நிறம் குத்தும் இயந்திரத்தை உடைக்கிறாள். படம் விட்டதும் இரண்டு பேரும் தாம்பரம் ஸ்டேஷன் வெளியே பஜ்ஜி தின்றார்கள்.

"மொத அரை மணி நேரம் சூப்பர்க்கா," என்றான் ஃபைஸ். "அடிக்கறதுக்குன்னு ஒரு ஆள் கிடையாது பாத்தியா? பசங்களே ஒருத்தன ஒருத்தன் போட்டுக் குடுக்கறாங்க. எங்க மெஸ்ல அப்படியேதான். ராங்க் வாரியா பெஞ்சு."

"அப்ப நல்ல படம்ங்கற."

"எங்க? ஒரு பொண்ணு போய் ஒரு மெஷின ஒடச்சா ஊரே சரியாயிடுமா? மறுநாள் சோறு யார் ஆக்குவா? வில்லன் பத்து நிமிஷம் நின்னு அவன் பிளானை அவனே சொல்றான். அவ்ளோ கஷ்டத்துலயும் எல்லாருக்கும் முடி பளபளன்னு கீது. அந்த ஊர்ல யாருக்கும் ஒரு காய்ச்சல் கூட வராதா?"

எண்ணெய்க் கையை அவள் துப்பட்டாவில் துடைத்துவிட்டுச் சிரித்தான். ஆறு மணிக்குள் ஹாஸ்டல் கேட்டில் இருக்க வேண்டும் என்று ஐந்தேகாலுக்கே பஸ் ஏறினான்.

உள்ளறையில் ஹஃபீசா எழுந்தாள்.

"எங்கடி போற? வெளிய ஆம்பளைங்க இருக்காங்க," என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். உதறிவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"நீங்க அந்தப் படத்தப் பாத்தீங்களா சார்?"

தட்சிணாமூர்த்தி திகைத்தார். "இல்லம்மா. அந்த மாதிரி படமெல்லாம்..."

"நாங்க படம் பாத்தது ஞாயித்துக்கெழம. அவனுக்குக் காய்ச்சல் வந்தது பதினாறு நாள் கழிச்சு, செவ்வாக்கெழம. தியேட்டர் கொசுவா சார் பதினாறு நாள் காத்திருந்துச்சு? புதன்கெழம ஹாஸ்டல் காயின் போன்லருந்து பேசினான். கண்ணுக்குப் பின்னால வலிக்குதுக்கான்னான். கெளம்பி வாடான்னேன். டெஸ்ட் முடியட்டும்னு வார்டன் சொல்றாரு, ராங்க் போயிடும்னான். வியாழன், வெள்ளி நான் போன் பண்ணேன். யாரும் அவன போனுக்குக் கூப்பிடவேயில்ல."

"ஹஃபீசா," என்றார் மாமா.

"எதுத்து ஓடுனானாம்! எங்க சார் ஓடுனான்? ஒரே ஒரு தடவ உங்கள எதுத்துட்டு ஓடி வந்திருந்தா இன்னிக்கு உயிரோட இருப்பான்."

அத்தா கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

"சனிக்கெழம வரைக்கும் எம்புள்ள டெஸ்ட் எழுதினானா சார்?"

"எழுதினான் சார். ஒண்ணு விடாம..." சொல்ல வந்ததைத் தட்சிணாமூர்த்தி பாதியில் விழுங்கினார்.

அத்தா மாமாவின் கையிலிருந்த மாலையை வாங்கித் தட்சிணாமூர்த்தியிடமே நீட்டினார். "எங்கள்ல மாலை போடறதில்ல சார்."

அவர் அதை வாங்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார். பிறகு பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. ஆண்கள் ஃபைஸைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டார்கள். கலிமா சொல்லும் குரல்கள் மனைகளுக்கு நடுவே போன மண் ரோட்டில் தேய்ந்து மறைந்தன.

வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்கள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அம்மா கூடத்துக்கு வந்து, அவன் கிடந்த இடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்துல அந்தப் பொண்ணு கடைசில என்ன ஆவா?"

"ஜெயிச்சிடுவாம்மா. எல்லாரும் அவளத் தூக்கிக் கொண்டாடுவாங்க."

"அவ அம்மா?"

ஹஃபீசா யோசித்துப் பார்த்தாள். "அம்மாவே கெடையாதும்மா படத்துல. யாருக்குமே."

அம்மா எழுந்தாள். அவன் கிடந்த ஈரப் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய், காம்பவுண்டு சுவரில் வெயில் படும் பக்கமாகப் பார்த்து விரித்தாள். ஒரு முனை மடங்கியிருந்தது. அதை நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தாள்.