இருபத்தேழாவது வேன்

உலக மகளிர் கபடிப் போட்டி விருதுநகருக்கு வந்ததில் மாவட்டத்துக்கே பெருமைதான். ஆனால் பன்னிரண்டு நாட்டு அணிகளும் தங்குவதற்கு அங்கே அறைகள் போதவில்லை. பாதி அணிகள் சிவகாசி லாட்ஜுகளில் இறங்கின. தினமும் காலையில் அவர்களை விருதுநகர் மைதானத்துக்குத் தாமதமில்லாமல் அனுப்பிவைக்கும் பொறுப்பு போலீஸ் தலையில் விழுந்தது.

முதல் நாள், கிளைச் சாலை பிரியும் நாரணாபுரம் விலக்கில் போக்குவரத்துக் காவலர் பொன்மணிக்கு டூட்டி. ஏழே முக்காலிலிருந்து வீராங்கனைகளின் பஸ்கள் கடந்து போகும்வரை கிளைச் சாலையிலிருந்து ஒரு வண்டியும் மெயின் ரோட்டில் ஏறக் கூடாது என்று உத்தரவு. அதிகாரிகள் வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டிருந்தார்கள். வரைபடத்தில் பட்டாசு ஆலை வேன்கள் இல்லை.

தீபாவளிக்கு ஐந்து வாரமே இருந்தது. எட்டு மணிக்குள் இருபத்தேழு வேன்கள் கிளைச் சாலையில் வரிசை கட்டிவிட்டன. எட்டரைக்கு மேல் போனால் ஆலைக்குள் விடமாட்டார்கள். அன்றைய வேலை போனதுதான்.

முதல் வேனின் ஜன்னலில் தலையை நீட்டியது முருகம்மாள், பொன்மணியின் மாமியார்.

“ஏத்தா, எம்புட்டு நேரம் இங்கனயே நிக்கது? எங்கள விடு.”

“பஸ்ஸு போகட்டும் அத்தை. மேல இருந்து ஆர்டர்.”

முருகம்மாள் வேனுக்குள் திரும்பி, வெளியிலும் கேட்கும்படி சொன்னாள்: “வீட்டுலயும் இப்படித்தான். ஒண்ணு சொல்லிட்டான்னா மாத்திக்கிட மாட்டா.”

வேனே சிரித்தது. பொன்மணி காதில் விழாதவள்போல ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டு ஐந்துக்கு செல்போன் அடித்தது. பஸ்கள் வரும் வழியில், ரயில்வே கேட்டில் நின்ற காவலர் சண்முகவேல் பேசினார்.

“இங்கன கேட்டு போட்டுட்டாகம்மா. ரெண்டு பஸ்ஸும் அந்தப் பக்கம் மாட்டிக்கிடுச்சு. பாசஞ்சர் போகணும், பின்னாலயே கூட்ஸும் வருதாம். கால் மணி நேரம் ஆகும்.”

பொன்மணி வயர்லெஸ் மைக்கில் இன்ஸ்பெக்டர் ராஜபாண்டியனை மூன்று முறை கூப்பிட்டாள். இரைச்சல்தான் வந்தது. கையிலிருந்தது கால் மணி நேரம். எதிரே இருபத்தேழு வேன் ஆட்கள். ஏதாவது கோளாறானால் காக்கிச் சட்டை தப்பாது. இருந்தாலும் போய்த் தடுப்பை இழுத்து ஓரத்தில் போட்டாள்.

போட்ட கையோடு, முதல் வேன் ஓட்டுநர் சோணைமுத்துவிடம் சொன்னாள்: “அண்ணே, நீங்க ஓரங்கட்டுங்க. மத்த வண்டி போகட்டும்.”

“நாங்கதான மொத நிக்கோம்?”

“எங்க அத்தை இருக்காக. முதல்ல விட்டா ஊரு பேசும்.”

முருகம்மாள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. பொன்மணி இரண்டு கைகளையும் வீசி வீசி மற்ற வேன்களை ஏற்றிவிட்டாள். ஒன்பது நிமிடத்தில் இருபத்தாறும் போய்விட்டன. கடைசியாகச் சோணைமுத்து வண்டியை ஏற்றினார். நடு ரோட்டில் அது ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருகினார். இருமியதே தவிரக் கிளம்பவில்லை.

தூரத்தில் சைரன் கேட்டது. கூட்ஸ் சீக்கிரமே போய்விட்டது போலிருக்கிறது.

“எல்லாரும் இறங்குங்க, தள்ளுங்க,” என்று பொன்மணியே முதலில் தோள் கொடுத்தாள். முருகம்மாளும் மற்ற பெண்களும் தூக்குவாளிகளை வேனிலேயே வைத்துவிட்டு இறங்கித் தள்ளினார்கள். ரோடு மேடு. வண்டி ஒரு முழம் ஏறி, அரை முழம் பின்னால் வந்தது.

பஸ்கள் வந்து நின்றன. முதல் பஸ்ஸின் கதவு திறந்தது. கென்யா அணிப் பெண்கள் ஆறேழு பேர் குதித்து ஓடிவந்தார்கள். யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. முருகம்மாள் பக்கத்தில் ஒருத்தி குனிந்து கை வைத்தாள். அடுத்த தள்ளில் வேன் உருண்டது, இருமியது, ஓடியது.

“ஆத்தி, இந்தப் பிள்ளைக்கு என்னா பலம்,” என்று முருகம்மாள் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

வேன் எட்டு இருபத்தெட்டுக்கு ஆலை வாசலைத் தொட்டது. பஸ்கள் மைதானம் சேரும்போது நான்கே நிமிடம் தாமதம். அதற்குள் வீராங்கனைகள் வேன் தள்ளிய படம் எல்லோர் போனுக்கும் வந்துவிட்டது, ராஜபாண்டியன் போனுக்கும்தான்.

“ரோட்ட யாரக் கேட்டும்மா திறந்த?” என்றார் அவர்.

“உங்களக் கூப்பிட்டேன் சார், கிடைக்கல. கேட்டு போட்டிருந்துச்சு, அதான் திறந்தேன்.”

“மெமோ வரும். பதில் எழுதிக் குடுத்துரு. அப்படியே, காலையில எந்த ரயிலு எப்பப் போகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு.”

இரண்டும் நடந்தன. மறுநாள் உத்தரவில், ரயில்வே கேட் மூடும் நேரம் பார்த்து வேன்களுக்கென்று இருபது நிமிடம் ஒதுக்கி அச்சடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை லீவு. முருகம்மாள் பதினோரு பெண்களோடு கென்யா ஆட்டம் பார்க்க விருதுநகர் போனாள். பொன்மணிக்கு மைதானத்து வாசலில் டூட்டி. கென்யா தோற்றது என்று வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் கேலரியின் ஒரு மூலையிலிருந்து குலவைச் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.