முதலிடத்துக்கு வந்த போன்

அது முதலிடத்துக்கு வரவே கூடாது. கடைசியில் தள்ளிவிடலாம். பட்டியலிலேயே இல்லாமல் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது அவளுக்குள் இதுதான் ஓடியது. செத்துப்போனவளின் முடியில் கை இருக்கிறது, மனசு போன்களை வரிசைப்படுத்துகிறது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை. அதுதானே பிழைப்பு? புதிதாக வருகிற போனைச் சில வாரம் வைத்திருந்து நல்லது கெட்டது எழுதுவாள். வருஷக் கடைசியில், தான் பயன்படுத்திய எல்லாவற்றையும் பத்திலிருந்து ஒன்றுவரை வரிசைப்படுத்துவாள்.

கடைசி இடம் வாங்கியது அம்மாவிடம் போகும். "உன்கிட்ட தோத்ததெல்லாம் என் வீட்டுக்கு வாழ வருதுடி," என்பாள் அம்மா. ஒவ்வொரு தடவையும் எண்களைத் தொலைப்பாள், போட்டோக்களைத் தொலைப்பாள், முதலிலிருந்து பழகுவாள். அதனால் கடைசியாகக் கொடுத்த போனில் இவள் தன் முகத்தைத் திரை நிறைய வைத்துக் கொடுத்தாள்.

"இதை அமுக்கினா போதும்மா. நேரா எனக்கு வந்துடும்."

"கோவம் வந்தா மூக்குலயே குத்தலாம்னு சொல்லு," என்று சிரித்தாள் அம்மா.

குளியலறை வாசலில் விழுந்து கிடந்தபடி அம்மா அமுக்கியிருக்கிறாள். திரும்பத் திரும்ப, அந்த முகத்தை.

அந்த நேரத்தில் இவளுடைய சிம் புதிய போன் ஒன்றில் இருந்தது. பேட்டரி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்காகச் சார்ஜை நிரப்பி, சத்தத்தை அடக்கி, படம் ஓடவிட்டு, அலுவலக இழுப்பறையில் வைத்துப் பூட்டியிருந்தாள். தானாக அணையும்வரை தொடக்கூடாது. தொட்டால் கணக்கு கெட்டுவிடும். மற்றவர்கள் இதற்கென்று ஒரு வெற்று சிம் வைத்திருப்பார்கள். தினமும் பேசுகிற சிம்மைப் போட்டால்தான் உண்மை தெரியும் என்பது இவள் பிடிவாதம். அதனால்தான் இவள் எழுதினால் நம்புகிறார்கள். அன்று சிம் இல்லாத போன் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கினாள்.

காலையில் இழுப்பறையைத் திறந்தபோது போன் அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. இதுவரை வந்த எதுவும் அவ்வளவு தாங்கியதில்லை. திரையில் அம்மாவின் அழைப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

"கதவை உடைச்சப்பகூட போனைப் பிடிச்ச பிடி விடலை," என்று எதிர்வீட்டுக்காரி வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஊருக்கே எந்த போன் நல்லதுன்னு சொல்ற பொண்ணாச்சே, எப்படியும் எடுத்துடும்னு நெனச்சிருப்பா, பாவம்."

"விடுங்கக்கா," என்றான் அண்ணன். பிறகு இவளைப் பார்க்காமல், "வேலையா இருந்தியா?" என்று கேட்டான்.

"ஆமாண்ணா."

"அதானே பாத்தேன்." அவன் அத்தோடு விட்டுவிட்டான். கையை ஓங்கியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று நினைத்தாள். சீப்பில் சுற்றியிருந்த நரைமுடியை எடுத்து எங்கே போடுவதென்று தெரியாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

அவள் எழுதும் பத்திரிகையின் ஆசிரியர் வந்தார். அம்மாவின் காலடியில் கைகூப்பி நின்றார். அண்ணனின் தோளைத் தட்டினார். கிளம்பும்போது கண்ணால் கூப்பிட, இவள் வாசல்வரை போனாள்.

"இப்ப கேக்கறது தப்புதாம்மா. இன்னிக்குச் சாயங்காலம் லிஸ்ட் போயாகணும். மத்த எல்லாம் நீங்க முன்னாடியே குடுத்துட்டீங்க, முதலிடம் மட்டும்தான் பாக்கி. அந்த பேட்டரி டெஸ்ட் பாத்தேன். யம்மா, ராட்சசன் மாதிரி தாங்கியிருக்கே! ரெண்டே வரி சொல்லுங்க, நானே தட்டிக்கறேன்."

அவருக்கு எதுவும் தெரியாது. கெட்ட மனுஷரும் இல்லை. விஷயம் தெரிந்ததுமே இத்தனை பேருக்கும் நாற்காலிக்குச் சொல்லி அனுப்பியவர் அவர்தான்.

கொடுமை என்னவென்றால் அந்த இரண்டு வரி அவளுக்குள் தயாராகவே இருந்தது. நம்பி வாங்கலாம். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் உயிரோடு இருக்கும்.

"நான் எழுதல சார்."

"எழுதவே வேணாம்மா, வாயால சொன்னா போதும்..."

"சொல்லவும் போறதில்ல."

"சரி, சரி. நாளைக்குன்னா?"

அவள் தலையை அசைத்தாள். "நாளைக்கும் வேணாம் சார். இனிமே வேணாம்."

அவர் உள்ளே ஒரு முறை பார்த்தார். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடினார். ஒன்றுதான் கிடைத்தது. அவள் குனிந்து, யாருடையதற்கோ அடியில் கிடந்த மற்றதை எடுத்து, அவர் போட்டுக்கொள்ள வாகாகத் திருப்பி வைத்தாள்.